ஜாய்ஸும் அவரை அச்சடிக்க மறுத்தவர்களும்

அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் என்றதும் நனவோடை, நவீனத்துவம், புரியாமை என்று பேச்சு போய்விடும். எனக்கு அவருடைய வாழ்க்கை அச்சகத்து வாசலில் நின்று பார்த்தால்தான் தெளிவாகத் தெரிகிறது. அவர் எழுதிய நான்கு பெரிய உரைநடை நூல்களில் முதல் மூன்றுக்கும் அச்சடிக்க ஆள் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. கிடைத்த பிறகோ, அச்சுக்கோத்த பக்கத்தின் மேலேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிடுவார். இந்த இரண்டையும் விட்டுவிட்டு அவருடைய வாழ்க்கையைச் சொல்ல முடியாது.

முதலில் சட்டம். அன்றைய பிரிட்டனில் (அயர்லாந்தும் அப்போது அதற்குள்தான்) ஒரு நூல் ஆபாசம் என்றோ அவதூறு என்றோ வழக்கு வந்தால், எழுதியவரும் பதிப்பாளரும் மட்டுமல்ல, அச்சடித்தவரும் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டும். ஆகவே தணிக்கை அதிகாரி என்று தனியாக ஒருவர் தேவைப்படவில்லை. அச்சக முதலாளியே பென்சிலை எடுத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்ப்பார். எழுத்து பிடித்திருக்கிறதா என்பது அவருக்குப் பொருட்டே இல்லை. நாளைக்குத் தன் மேல் வழக்கு வருமா என்பதுதான் கணக்கு. ஜாய்ஸ் மல்லுக்கட்டியது பெரும்பாலும் இந்தப் பென்சிலோடுதான்.

பிறந்தது 1882 பிப்ரவரி 2, டப்ளினின் ராத்கார் பகுதியில், 41 பிரைட்டன் ஸ்கொயர். அப்பா ஜான் ஸ்டானிஸ்லாஸ் ஜாய்ஸுக்கு வரி வசூல் அலுவலகத்தில் நல்ல வேலை. நல்ல பாட்டுக்காரர், நல்ல குடிகாரர். பிள்ளைகளில் பிழைத்தவர்கள் பத்துப் பேர், மூத்தவர் ஜேம்ஸ். ஆறு வயதில் கிளாங்கோஸ் வுட் என்ற ஜெசூட் உறைவிடப் பள்ளியில் சேர்த்தார்கள். 1891இல் கட்டணம் கட்ட முடியாமல் நிறுத்திவிட்டார்கள். சீக்கிரமே அப்பாவின் வேலையும் போய், சிறிய ஓய்வூதியத்தில் குடும்பம் வீடு மாறி மாறிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பாதிரியார் கான்மீ தலையிட்டதால் 1893இல் பெல்வெடியர் கல்லூரிப் பள்ளியில் கட்டணமில்லாமல் இடம் கிடைத்தது. அந்தக் கான்மீயைத்தான் பிறகு 'யுலிஸஸ்' நாவலின் பத்தாம் அத்தியாயத்தில் டப்ளின் தெருக்களில் நடக்கவிட்டார்.

பதினெட்டு வயதில், டப்ளின் யூனிவர்சிட்டி காலேஜில் படிக்கும்போதே, நார்வே நாடகாசிரியர் இப்சனின் கடைசி நாடகத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி லண்டனின் 'ஃபோர்ட்நைட்லி ரிவ்யூ'வில் 1900 ஏப்ரலில் வெளியிட்டுவிட்டார். சன்மானம் 12 கினி. அந்தப் பணத்தில் அப்பாவை லண்டன் பார்க்கக் கூட்டிப்போனார். இப்சனே மொழிபெயர்ப்பாளர் வழியாக நன்றி சொல்லி அனுப்பினார். அவருக்கு அவருடைய மொழியிலேயே கடிதம் எழுத டானோ-நார்வீஜியன் கற்றுக்கொண்டார் பையன். அடுத்து மருத்துவம் படிப்பதாகச் சொல்லி 1902 கடைசியில் பாரிஸ் போனார். 1903 ஏப்ரலில் அம்மா சாகக்கிடப்பதாகத் தந்தி வந்தது. திரும்பினார். ஆகஸ்டில் அம்மா இறந்தார்.

அந்தத் தந்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலைக்கு ஆகும்.

1904 அவருக்கு எல்லாம் நடந்த ஆண்டு. ஜூன் மாதம், கால்வேயிலிருந்து வந்து ஃபின்ஸ் ஹோட்டலில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நோரா பார்னகிளைச் சந்தித்தார். 'யுலிஸஸ்' நடக்கும் ஜூன் 16 அவர்கள் முதன்முதலாகச் சேர்ந்து உலாவப் போன நாள் என்றே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அதே ஆண்டு 'ஐரிஷ் ஹோம்ஸ்டெட்' என்ற விவசாயப் பத்திரிகையில் மூன்று சிறுகதைகள் வந்தன. கதைக்கு ஒரு பவுன், புனைபெயர் ஸ்டீஃபன் டெடலஸ். மூன்றோடு பத்திரிகை போதும் என்றுவிட்டது. அக்டோபரில் நோராவும் அவரும் கல்யாணம் செய்துகொள்ளாமலே ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். சூரிக்கில் இருப்பதாகச் சொன்ன ஆங்கிலம் கற்பிக்கும் வேலை அங்கே இல்லை. முதலில் ஆஸ்திரியக் கடற்படைத் தளமான போலா, 1905இலிருந்து டிரியெஸ்ட். நடுவில் ரோமில் ஏழெட்டு மாதம் வங்கிக் குமாஸ்தா. ஜார்ஜியோ 1905இல், லூசியா 1907இல் பிறந்தார்கள். வாடகைக்கும் கடனுக்கும் தம்பி ஸ்டானிஸ்லாஸ் கைகொடுத்தார். தம்பி இல்லாவிட்டால் அண்ணன் எழுதியிருக்க முடியாது என்பது என் கட்சி.

இனி 'டப்ளினர்ஸ்'. பன்னிரண்டு கதைகளாக 1905 கடைசியில் லண்டன் பதிப்பாளர் கிராண்ட் ரிச்சர்ட்ஸுக்குப் போனது. 1906 தொடக்கத்தில் ஏற்றுக்கொண்டார்கள். ஜாய்ஸ் கூடுதலாக ஒரு கதை அனுப்பினார். அச்சகத்தார் அதில் பென்சில் குறி போட்டுத் திருப்பிவிட்டார். அதன் பிறகு மற்ற கதைகளிலும் குறிகள் விழுந்தன. ஒரு கதையில் 'பிளடி' என்ற வசைச்சொல், இன்னொன்றில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கும் விதம்.

இங்கே ஜாய்ஸ் செய்தது எழுதுகிறவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய தப்பு. இதற்கே ஆட்சேபிக்கிறீர்களே, 'ஆன் என்கவுண்டர்' கதையில் இதைவிட மோசமான விஷயம் இருக்கிறதே, அதை ஏன் விட்டீர்கள் என்று வாதத்துக்காகக் கேட்டு எழுதினார். பதிப்பாளர் அந்தக் கதையை மறுபடி படித்துப் பார்த்தார். அதையும் எடுத்துவிடச் சொன்னார். சில இடங்களில் ஜாய்ஸ் இறங்கிவந்தும் பலனில்லை. செப்டம்பரில் கையெழுத்துப் பிரதி திரும்பிவந்தது. ஒப்பந்தம் போட்டது போட்டபடி கிடந்தது.

1909இல் டப்ளினின் மான்செல் கம்பெனி, நிர்வாகி ஜார்ஜ் ராபர்ட்ஸ், புது ஒப்பந்தம். (இதே ஆண்டுதான் டிரியெஸ்ட் வியாபாரிகளின் பணத்தில் டப்ளின் மேரி ஸ்ட்ரீட்டில் 'வோல்டா' என்ற சினிமாக் கொட்டகையை டிசம்பர் 20 அன்று திறந்துவைத்தார் ஜாய்ஸ். சில மாதங்களில் நஷ்டம், விற்றுவிட்டார்கள்.) கதைகளின் எண்ணிக்கை இப்போது பதினைந்து. 1907இல் எழுதிய 'தி டெட்' கடைசிக் கதை. இந்த முறை தகராறு ஆபாசம் பற்றி இல்லை. ஒரு கதையில் தேர்தல் வேலையாட்கள் காலமான அரசர் ஏழாம் எட்வர்டைப் பற்றி மட்டமாகப் பேசுகிறார்கள். ராபர்ட்ஸ் பயந்தார். ஜாய்ஸ் என்ன செய்தார் தெரியுமா? 1911 ஆகஸ்டில், அந்த இடத்தைக் குறித்து, அச்சான பக்கங்களை இணைத்து, எட்வர்டின் மகன் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கே அனுப்பினார்: இது உங்கள் தந்தைக்கு இழுக்கா, சொல்லுங்கள். இப்படிப்பட்ட விஷயங்களில் மன்னர் கருத்துச் சொல்வது வழக்கமில்லை என்று செயலாளர் பதில் போட்டார்.

அடுத்து நிஜப் பெயர்கள். கதைகளில் வரும் மதுக்கடைகள், ரயில்வே கம்பெனி எல்லாம் உண்மையில் இருப்பவை. அவதூறு வழக்கு வந்தால் ஈடுகட்ட 500 பவுன் வீதம் இரண்டு ஜாமீன் வேண்டும் என்று கேட்டார்கள். மாதக்கடைசியில் தம்பியிடம் கைநீட்டுகிறவரிடம் ஆயிரம் பவுனுக்கு ஜாமீன்! 1912இல் ஜாய்ஸே டப்ளினுக்கு வந்து நின்றார். கடைசியில் அச்சான பக்கங்களைத் தானே விலைக்கு வாங்கிச் சொந்தமாக வெளியிடுகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தார். அச்சகத்துக்காரர் ஜான் ஃபால்கனர் மசியவில்லை. செப்டம்பரில் ஆயிரம் பிரதிகளுக்கான தாள்களும் ஒழிக்கப்பட்டன. எரித்தார்கள் என்றார் ஜாய்ஸ். எரிக்கவில்லை, வெட்டிப் போட்டோம் என்றார் ராபர்ட்ஸ். எப்படியோ சாமர்த்தியம் செய்து ஒரு முழு புரூஃப் (பிழை திருத்துவதற்காக அச்சடித்துப் பார்க்கும் படி) பிரதியை ஜாய்ஸ் முன்பே கைப்பற்றியிருந்தார். அன்று ராத்திரியே குடும்பத்தோடு ரயில் ஏறியவர், வழியில் 'கேஸ் ஃப்ரம் எ பர்னர்' என்ற வசைப்பாட்டை எழுதினார். அதன் பிறகு அயர்லாந்து மண்ணை அவர் மிதிக்கவே இல்லை.

முதலில் கைவிட்ட அதே கிராண்ட் ரிச்சர்ட்ஸ்தான், அந்த ஒற்றை புரூஃப் பிரதியை மூலமாக வைத்து, 1914 ஜூனில் நூலை வெளியிட்டார். 1250 பிரதிகள். முதல் 500 பிரதிகளுக்கு ராயல்டி கிடையாது என்பது ஒப்பந்தம். ஆண்டு முடிவில் விற்றது 499. அதிலும் 120 ஜாய்ஸே வாங்கிக்கொண்டவை.

இரண்டாவது நூல் 'எ போர்ட்ரெய்ட் ஆஃப் தி ஆர்ட்டிஸ்ட் ஆஸ் எ யங் மேன்'. கவிஞர் யேட்ஸ் சொல்லி இன்னொரு கவிஞரான எஸ்ரா பவுண்டு 1913 கடைசியில் ஜாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அந்தத் தொடர்பால் லண்டன் 'ஈகோயிஸ்ட்' பத்திரிகையில் 1914 பிப்ரவரி 2 முதல் 1915 செப்டம்பர் வரை தொடராக வந்தது. அங்கேயும் அச்சகத்தார் சொல்லாமல் கொள்ளாமல் வரிகளை எடுத்துவிட்டார்கள். ஆசிரியை ஹாரியட் ஷா வீவர் அச்சகத்தையே மாற்றினார். அமைதியான, வசதியான, கூச்ச சுபாவமுள்ள பெண்மணி. தன் சொத்திலிருந்து ஆயுள் முழுக்க ஜாய்ஸைத் தாங்கியவர். 1919இல் மட்டும் 5000 பவுன் போர்க்கடன் பத்திரங்களை எழுதிக்கொடுத்தார். நூலாகப் போட பிரிட்டனில் அச்சகம் அச்சகமாகக் கேட்டும் எவரும் இசையவில்லை. பவுண்டு ஒரு யோசனை சொன்னார்: சர்ச்சையான வரிகள் வரும் இடத்தை வெற்றிடமாக விட்டு அச்சடிப்போம், அந்த வரிகளை மட்டும் தனியாகத் தட்டச்சில் நகலெடுத்துக் கையால் ஒட்டிவிடுவோம். அச்சகத்தார் மேல் குற்றம் வராது! நடைமுறைக்கு வந்தது வேறு வழி. நியூயார்க்கில் பி. டபிள்யூ. ஹியூப்ஷ் 1916 டிசம்பர் 29 அன்று வெளியிட்டார். அங்கே அச்சான தாள்களை 750 பிரதிக்கு வரவழைத்து, லண்டனில் 1917 பிப்ரவரியில் 'ஈகோயிஸ்ட்' பெயரில் கொண்டுவந்தார் வீவர். அட்லாண்டிக்கில் அப்போது ஜெர்மன் நீர்மூழ்கிகள் சுற்றிக்கொண்டிருந்தன.

போர் வந்ததும் டிரியெஸ்டிலிருந்து சூரிக். அங்கேதான் 'யுலிஸஸ்' பெரும்பகுதி எழுதப்பட்டது. எழுதிய விதத்தைப் பார்த்தால் ஒரு சர்வேயர் வேலைபோல இருக்கும். டப்ளின் வரைபடத்தை விரித்து, அதில் கான்மீ பாதிரியாரின் பாதையையும் ஆளுநரின் குதிரைவண்டி போகும் பாதையையும் சிவப்பு மையால் போட்டு, யார் எந்த நிமிடம் எந்த முனையில் இருப்பார் என்று கணக்கிட்டார். 'தாம்ஸ்' என்ற டப்ளின் முகவரிப் புத்தகத்தின் 1904ஆம் ஆண்டுப் பதிப்பு பக்கத்திலேயே இருக்கும். நாயகன் லியோபோல்ட் புளூமுக்குக் கொடுத்த வீடு 7 எக்ளிஸ் ஸ்ட்ரீட். 1909இல் நண்பர் பைர்ன் குடியிருந்த வீடு அது. முகவரிப் புத்தகத்தில் 1904இல் காலி என்று போட்டிருந்ததால் கற்பனை ஆளைக் குடிவைக்கத் தோது. நாவலில் புளூம் சாவியை மறந்துவிட்டு நள்ளிரவில் வீடு திரும்புகிறார். முன்புறக் கம்பிவேலியைத் தாண்டி, கீழ்த்தளத்து முற்றத்தில் குதித்து உள்ளே போகிறார். இது ஆகக்கூடிய காரியமா? 1921 நவம்பரில், நூல் அச்சில் ஓடிக்கொண்டிருக்கும்போது, டப்ளினில் இருந்த ஜோசஃபின் அத்தைக்குக் கடிதம் போகிறது. சாதாரண ஆள் ஒருவர் அந்தக் கம்பிகளின் மேல் ஏறி, உடம்பைக் கீழே இறக்கி, பாதம் தரைக்கு இரண்டு மூன்று அடி உயரத்தில் இருக்கும்போது கையை விட்டால் அடிபடாமல் இறங்க முடியுமா? கேட்டதற்குக் காரணம், பைர்ன் அப்படிக் குதித்ததை அவர் கண்ணாலேயே பார்த்திருந்தார். ஆனால் பைர்ன் விளையாட்டு வீரரைப் போன்ற உடல்வாகு. புளூம் அப்படியில்லை.

வாக்கியம் கட்டும் வேகமும் இதே கதிதான். சூரிக் நண்பர் ஓவியர் ஃபிராங்க் பட்ஜன் ஒருநாள், வேலை எப்படிப் போகிறது என்று விசாரித்தார். நாள் முழுக்க உழைத்ததாகச் சொன்னார் ஜாய்ஸ். எவ்வளவு எழுதினீர்கள்? இரண்டு வாக்கியம். சரியான சொல்லைத் தேடினீர்களா? இல்லை, சொற்கள் எல்லாம் முன்பே கிடைத்துவிட்டன, அவற்றை எந்த வரிசையில் வைப்பது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நியூயார்க்கின் 'லிட்டில் ரிவ்யூ'வில் 1918 மார்ச் முதல் 1920 டிசம்பர் வரை தொடராக வந்தது. தபால் துறை சில இதழ்களைப் பறிமுதல் செய்தது. கடற்கரையில் கெர்ட்டி என்ற பெண்ணைப் புளூம் பார்த்துக்கொண்டிருக்கும் அத்தியாயம் வழக்காகி, 1921 பிப்ரவரியில் ஆசிரியைகள் மார்கரெட் ஆண்டர்சன், ஜேன் ஹீப் இருவருக்கும் தலைக்கு 50 டாலர் அபராதம். அதோடு அமெரிக்கப் பதிப்பாளர்கள் பின்வாங்கினார்கள். 1920இலேயே பாரிஸுக்கு வந்துவிட்டிருந்த ஜாய்ஸ், 'ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி' என்ற சின்னஞ்சிறு ஆங்கிலப் புத்தகக்கடையில் போய் உட்கார்ந்து, என் புத்தகம் இனி வரவே வராது என்றார். கடைக்காரி சில்வியா பீச், அதுவரை ஒரு நூலும் பதிப்பித்திராதவர், நான் போடட்டுமா என்றார்.

பீச்சின் திட்டம் நல்ல வியாபார மூளை. மொத்தம் 1000 பிரதி, முன்பதிவு செய்தவர்களுக்கு. டச்சுக் கைத்தாளில் 100, ஜாய்ஸ் கையெழுத்தோடு, 350 ஃபிராங்க். ஆர்ஷ் தாளில் 150, விலை 250. சாதாரணத் தாளில் 750, விலை 150. லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஜாய்ஸுக்கு. பெர்னார்ட் ஷாவுக்கும் விளம்பரத் தாள் போயிற்று. ஒரு புத்தகத்துக்கு 150 ஃபிராங்க் கொடுக்கிற அயர்லாந்துக்காரன், அதுவும் வயசானவன், இருப்பான் என்று நினைத்தால் எங்கள் ஆட்களை உங்களுக்குத் தெரியவில்லை என்று பதில் எழுதினார் அவர்.

அச்சகம் திஜோன் நகரில், முதலாளி மாரிஸ் தாரந்தியேர். எல்லாம் கையால் அச்சுக்கோத்தது. கோத்தவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆங்கிலம் தெரிந்த அச்சகத்தார்தான் படித்துப் பார்த்துப் பயந்தார்கள் என்பதால் இதில் ஒரு சௌகரியமும் இருந்தது.

புரூஃப் வந்தது பெரிய பெரிய தாள்களில். ஒருபக்கம் மட்டும் அச்சடித்த ஒவ்வொரு தாளிலும் எட்டுப் பக்கம், சுற்றிலும் தாராளமான ஓரம். பிழை திருத்த விட்ட அந்த ஓரத்தை ஜாய்ஸ் எழுதுவதற்கு என்று எடுத்துக்கொண்டார். ஒரே பகுதிக்கு நாலு தடவை, ஐந்து தடவை புரூஃப் கேட்பார். ஒவ்வொன்றிலும் புது வரிகள். நூலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படி புரூஃபில் வளர்ந்தது என்பார்கள். செய்தித்தாள் அலுவலக அத்தியாயத்தில் பத்திக்குப் பத்தி வரும் கொட்டை எழுத்துத் தலைப்புகள் 1921இல் புரூஃபில் ஏறியவை, பத்திரிகையில் வந்த வடிவத்தில் அவை இல்லை. கைக்கோப்பில் நடுவே ஒரு வாக்கியம் சேர்ந்தால், கீழுள்ள வரிகளை எல்லாம் பிரித்து மறுபடி கோக்க வேண்டும், பக்கம் நிறைந்தால் அடுத்த பக்கமும் நகரும். செலவு கையை மீறும் என்று தாரந்தியேர் எச்சரித்தார். அவர் கேட்கும் புரூஃபையெல்லாம் கொடுங்கள் என்றார் பீச். ஆரம்ப அத்தியாயங்கள் புரூஃபில் இருக்கும்போது கடைசி அத்தியாயங்கள் இன்னும் எழுதிமுடியவில்லை. நடுவில் கண்நோய் வேறு.

தட்டச்சிலும் விபத்து. பதினைந்தாம் அத்தியாயத்தை அடிக்க ஆள் பிடிப்பதே கஷ்டமாக இருந்தது. ஒப்புக்கொண்ட பெண்ணின் கணவர், பிரிட்டிஷ் தூதரகத்தில் வேலை பார்த்தவர், மேசையில் கிடந்த பக்கங்களைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டார். நல்லவேளை, கையெழுத்துப் பிரதியை ஜாய்ஸ் நியூயார்க் வழக்கறிஞர் ஜான் குவின்னுக்கு விற்று அனுப்பியிருந்தார். அங்கிருந்து அந்தப் பக்கங்களைப் புகைப்படமாக வரவழைத்தார்கள்.

அட்டைக்கு கிரேக்கக் கொடியின் நீலம் வேண்டும் என்பது ஜாய்ஸின் பிடிவாதம். தாரந்தியேர் தேடித்தேடி ஜெர்மனியில் அந்த நீலத்தைக் கண்டுபிடித்தார், ஆனால் தாள் சரியில்லை. கடைசியில் வெள்ளை அட்டையில் அந்த நீலத்தை லித்தோவில் ஏற்றிச் சமாளித்தார். ஜாய்ஸின் நாற்பதாவது பிறந்தநாளான 1922 பிப்ரவரி 2 காலை, திஜோன் எக்ஸ்பிரஸில் வந்த ரயில்காரர் கையில் இரண்டு பிரதி இருந்தது. பீச் ரயில்நிலையத்திலேயே வாங்கி, ஒன்றை ஜாய்ஸ் வீட்டில் கொடுத்துவிட்டு, மற்றதைக் கடையின் கண்ணாடி ஜன்னலில் வைத்தார். 732 பக்கம். முன்பக்கத்திலேயே, அச்சுப்பிழைகளுக்கு மன்னிக்கவும் என்று பதிப்பாளர் குறிப்பு.

பிழைகள் மலிந்ததற்குக் கோத்தவர்கள் மட்டும் காரணமல்ல. ஜாய்ஸ் ஒரே நேரத்தில் தட்டச்சுப் படியிலும் அதன் கார்பன் நகலிலும் வெவ்வேறு புரூஃப் தாள்களிலும் திருத்தினார். ஒன்றில் செய்தது இன்னொன்றுக்குப் போகவில்லை. அதைவிடச் சிக்கல், அவர் வேண்டுமென்றே பிழையாக எழுதியவை. புளூமுக்கு வரும் ஒரு காதல் கடிதத்தில் 'வேர்ட்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'வேர்ல்ட்' என்று தட்டச்சாகியிருக்கும், அது கதையிலேயே உள்ள பிழை. பதினாறாம் அத்தியாயத்தில் மாலைப் பத்திரிகையின் சாவுச்செய்தியில் புளூம் 'பூம்' ஆகிவிடுவார், கூடவே ஒரு வரி முழுக்க எழுத்துக் குழப்பம். இவற்றை நல்லெண்ணத்தோடு எவராவது திருத்தினால் நகைச்சுவை போச்சு.

இப்போது அந்தத் தந்தி. நாவலின் இன்னொரு முக்கியப் பாத்திரமான ஸ்டீஃபன் பாரிஸில் வாங்கும் தந்தியில் 'மதர்' என்பதற்குப் பதில் 'நதர்' என்று ஜாய்ஸ் எழுதியிருந்தார். தந்தி ஆபீஸின் பிழை. அதனால்தான் ஸ்டீஃபன் அதைக் காட்டிச் சிரிக்கத்தக்க ஒரு வினோதப் பொருள் என்கிறார். அச்சில் அது 'மதர்' ஆனது. பிழை போய்விட்டதால் வினோதம் எங்கே என்று அறுபது வருஷம் யாருக்கும் புரியவில்லை. பதினேழாம் அத்தியாய முடிவில் கடைசிக் கேள்விக்கு விடை ஒரு பெரிய கறுப்புப் புள்ளி. அதை அச்சகத்தார் தவறவிடக்கூடாது என்று ஜாய்ஸ் பிரெஞ்சிலேயே குறிப்பு எழுதினார். அப்படியும் பிற்காலப் பதிப்புகள் சிலவற்றில் புள்ளியைக் காணோம்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். லண்டன் பெயரில் திஜோனிலேயே 1922 அக்டோபரில் அச்சான 2000 பிரதிகளில் சில நூறு அமெரிக்காவில் பறிபோயின. அதை ஈடுகட்ட 1923இல் அடித்த 500இல் பெரும்பகுதியை ஃபோக்ஸ்டன் துறைமுகத்தில் பிரிட்டிஷ் சுங்கம் பிடித்துக்கொண்டது. நியூயார்க்கில் சாமுவேல் ராத் திருட்டுத்தனமாகத் தன் பத்திரிகையில் போட்டார். எதிர்ப்பு அறிக்கையில் 167 எழுத்தாளர்களும் அறிஞர்களும் கையெழுத்திட்டார்கள், ஆனாலும் 1929இல் ராத் நூலாகவே ஒரு கள்ளப்பதிப்பு போட்டார்.

சட்டபூர்வ அமெரிக்கப் பதிப்புக்கு ரேண்டம் ஹவுஸ் வகுத்த வழி அழகு. அச்சடித்துவிட்டு வழக்கு வந்தால் நஷ்டம் பெரிது. அதனால் பாரிஸிலிருந்து ஒரே ஒரு பிரதியைக் கொண்டுவந்து சுங்கத்தில் தானாகவே பிடிபடவைத்து, அதை வழக்காக்குவது. மதிப்புரைகள் தனியாகக் கொடுத்தால் சாட்சியமாக ஏற்காமல் போகலாம் என்று அவற்றையும் அந்தப் பிரதிக்குள்ளேயே ஒட்டி அனுப்பினார்கள். சுங்க ஊழியரோ, இதை எல்லோரும்தான் கொண்டுவருகிறார்கள், போங்கள் என்றார். பதிப்பாளரின் ஆள் கெஞ்சிக் கூத்தாடிப் பறிமுதல் செய்யவைத்தார். 1933 டிசம்பர் 6 அன்று நீதிபதி ஜான் உல்சி, பல இடங்களில் குமட்டலாம், எங்கும் காமத்தைத் தூண்டவில்லை என்று தீர்ப்பளித்தார். 1934 ஜனவரியில் நூல் வந்தது. ஆனால் அவசரத்தில் அச்சுக்கோக்க மூலமாக எடுத்தது ராத்தின் கள்ளப்பதிப்பை! அதன் பிழைகளும் கூடவே வந்தன. பிரிட்டனில் 1936இல் பாட்லி ஹெட் போட்டது.

ஜாய்ஸ் இதற்குள் 'ஃபின்னகன்ஸ் வேக்'கில் மூழ்கியிருந்தார். 1923 மார்ச்சில் தொடங்கி, கண்ணில் பத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளுக்கு நடுவே, தடித்த பென்சிலால் பெரிய எழுத்தாக எழுதி, குறிப்பேடுகளில் பயன்படுத்திய வரிகளை வண்ணக் கிரேயானால் அடித்து அடித்து, 1939 மே 4இல் நூலாக வெளிவந்தது. தலைப்பை நோராவைத் தவிர எவருக்கும் சொல்லவில்லை. 1938இல் 'டிரான்சிஷன்' பத்திரிகையின் யூஜின் ஜோலாஸ் கண்டுபிடித்து ஆயிரம் ஃபிராங்க் பந்தயத்தை வென்றார். இடிமுழக்கச் சொற்கள் பத்து: ஒன்பதில் நூறு நூறு எழுத்து, பத்தாவதில் நூற்றியொன்று. இப்படி ஒரு நூலுக்கு புரூஃப் பார்த்தவர்கள் புண்ணியவான்கள். மகள் லூசியாவின் மனநோய், அப்பாவின் மரணம், நோராவுடன் 1931 ஜூலை 4 அன்று லண்டனில் தாமதமான பதிவுத் திருமணம் எல்லாம் இந்த ஆண்டுகளில்தான். 1940 கோடையில், பிரான்ஸ் விழுந்த பிறகு, சாங்-ஜெராங்-ல-ப்யூய் என்ற கிராமத்தில் நண்பர் பால் லியோனுடன் உட்கார்ந்து 'வேக்'கின் அச்சுப்பிழைப் பட்டியல் போட்டார். டிசம்பரில் சூரிக் போய்ச் சேர்ந்தார்கள். குடலில் புண் வெடித்து 1941 ஜனவரி 13 அன்று இறந்தார், வயது 58. அடக்கம் ஃப்ளுன்டர்ன் கல்லறையில். அந்தப் பிழைப் பட்டியல் 1945இல் 16 பக்கச் சிறுநூலாக வந்தது.

'யுலிஸஸ்' வாங்கப் போகிறவர்களுக்கு எந்தப் பதிப்பு என்ற கேள்வி இன்றும் உண்டு. 1984இல் ஹான்ஸ் வால்டர் காப்லர் கையெழுத்துப் பிரதிகளிலிருந்து புரூஃப்கள் வரை ஒப்பிட்டு 5000க்கும் மேற்பட்ட திருத்தங்களோடு புதுப்பதிப்பு கொண்டுவந்தார். 'நதர்' திரும்பி வந்தது அதில்தான். நாலு வருஷம் கழித்து ஜான் கிட் என்ற ஆய்வாளர் அதில் ஓட்டைகளைக் காட்டினார். டப்ளினில் உண்மையாகவே வாழ்ந்த கிரிக்கெட் வீரர் புல்லர் 'கல்லர்' ஆகிவிட்டார், சைக்கிள் பந்தயக்காரர் திரிஃப்ட் 'ஷ்ரிஃப்ட்' ஆகிவிட்டார். அதைத் தொடர்ந்து 1990இல் பழைய 1961 பதிப்பும் மறுபடி கடைக்கு வந்தது. என் சிபாரிசு: ஆய்வு நூல்களைப் பக்கத்தில் வைத்துப் படிப்பதாக இருந்தால் காப்லர், ஏனென்றால் எல்லோரும் மேற்கோள் காட்டுவது அதன் அத்தியாய, வரி எண்களில்தான். சும்மா படிக்க 1961 போதும். அடிக்குறிப்புகள் வேண்டும் என்றால் 1922 பதிப்பை அப்படியே நகலெடுத்துப் பின்னால் விளக்கம் சேர்த்த பதிப்பு ஒன்று கிடைக்கிறது, அதில் தாரந்தியேர் அச்சகத்துப் பிழைகளையும் உள்ளபடியே பார்க்கலாம். எதை எடுத்தாலும் கடைக்காரரிடம் பணம் கொடுக்கும் முன் பதினேழாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, புள்ளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.